வயிற்று வலி என்று சொன்ன நாள்

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு ஒன்றுமில்லை. தையல் ஆலையில் ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள். பதறாமல் படியுங்கள், குட்டி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள்.

ஒரு மாதமாக அவளுக்குத் தூக்கமே இல்லை. வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் என் கையைப் பிடித்து, "செத்துடலாம் போல இருக்கும்மா" என்றாள். போட்டது போட்டபடி அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆனால் அவசரப் பிரிவில் நர்ஸ் என்னவென்று கேட்டதும், பள்ளிக்கு லீவு சொல்லிப் பழகிய வாய் "வயித்து வலி" என்றது. உட்காரச் சொன்னார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் குட்டியே எழுந்து போய், "வயிறு இல்ல சிஸ்டர், எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல" என்றாள். அந்த நிமிஷமே உள்ளே அழைத்துப் போனார்கள்.

பத்திரத்துக்காக அவள் பேன்ட் நாடாவை உருவி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். "கோணலா இருக்கும்மா, இதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று சிரித்தாள். டாக்டர் தினமும் உட்கார்ந்து பேசுகிறார்.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கண் கலங்கலாகவே இருக்கிறது.

பார்வை நேரத்துக்கு மணி அடித்துவிட்டது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவளிடம் போன் கொடுப்பார்கள், கூப்பிடுங்கள். உங்கள் பக்கத்தில் அத்தை இருந்ததால் அன்று போனில் உங்களிடமும் வயிற்று வலி என்றுதான் சொன்னேன். வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிடுவாள்.

குட்டியின் அம்மா