பண்பாட்டு வகுப்பில் உன் படம்

என் சண்டைக்கார அக்கா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. வேதியியல் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திருப்பி இதை எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் நோட்டைப் புரட்டிவிட்டுப் படிப்பதுபோல் உட்கார்ந்துகொள்ளலாம். யாழினி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். உன் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. நீ அவள் முகத்தைப் பார்த்தாயா, இல்லையா? அதை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு. நீ உட்காராத வகுப்பு. நம் ஊரிலிருந்து இந்தப் பள்ளிக்கு வருகிறவள் நான் ஒருத்திதான், மற்றவர்கள் வேறு பள்ளிகளில் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் தமிழ் மிஸ் இந்த முறை அகமதிப்பீட்டுக்கு ஒரு வேலை கொடுத்தார். 'நம் பண்பாடு' என்று ஆளுக்கொரு தலைப்பு எடுத்துக்கொண்டு வகுப்பின் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேப்பரைப் பார்த்துப் படிக்கக் கூடாது. வேண்டுமானால் ஸ்மார்ட் போர்டில் படம் காட்டலாம். வெள்ளிக்கிழமைதோறும் கடைசி இரண்டு பீரியடும் இதற்குத்தான்.

முதல் இரண்டு வாரம் எனக்குப் பிடித்திருந்தது. முரளி எருதாட்டத்தைப் பற்றிப் பேச வந்தான். பேச்சு பாதியிலேயே நின்றுபோய் பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஓட ஆரம்பித்துவிட்டான்.

"டேய், நீ எருதா, எருது புடிக்கிறவனா?" என்று மிஸ் கேட்டார்.

"ரெண்டும் நான்தாங்க மிஸ். ஆளு பத்தல."

சித்தேரி மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ராணி, சாமை அறுவடையைப் பற்றிப் பேசினாள். டப்பாவில் சாமைச் சோறு கொண்டுவந்து எல்லோருக்கும் ஒரு கரண்டி வைத்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "உங்க மலையில கரண்டு இருக்குதா?" என்றான். "இருக்குது. உங்க ஊரு மாதிரி போயிப் போயி வராது. போனா ஒரேயடியா போயிடும், நிம்மதி" என்றாள். நீ இருந்திருந்தால் அவளைத்தான் சிநேகிதம் பிடித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று சௌமியாவின் முறை. எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். நல்ல பெண்தான், அக்கா, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் சாப்பாடு கொண்டுபோகாத அன்று கேட்காமலேயே டப்பாவில் பாதியைத் தள்ளிவிடுவாள். அவளுடைய சித்தப்பா டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவரிடம் சாம்பிளுக்கு இருந்த படங்களை வாங்கி வந்திருந்தாள். தலைப்பு, தாய்மாமன் சீர்.

"தாய்மாமன் என்பவர் தாய்க்குச் சமமானவர்" என்று ஆரம்பித்தாள். முதல் படத்தில் மேளம். இரண்டாவது படத்தில் பந்தல், வாழைமரம். மூன்றாவது படத்தில் நீ.

கரும்பலகைக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிதாக நீ உட்கார்ந்திருந்தாய். பச்சைப் பட்டு, சடை அலங்காரம், உன் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத பவுடர். வேறு யாராவது பார்த்தால் உன்னை அடையாளமே தெரியாது. ஆனால் இடது கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

"மிஸ், அந்தப் பொண்ணுக்குப் பல்லு வலிங்களா?" என்றான் முரளி. வகுப்பே சிரித்தது.

பல்வலி இல்லை. தேன்மிட்டாய். நான்தான் உனக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். சடங்குப் பெண் எல்லோர் முன்னாலும் வாயை அசைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். "அசைக்கலடி, தானா கரையுது" என்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாய். உனக்கு அப்போது பதின்மூன்று, எனக்குப் பத்து. படத்தின் ஓரத்தில் ஒரு தட்டும், அதைப் பிடித்திருக்கிற சின்னக் கையும் தெரிந்தன. சிவப்பு வளையல். அது நான்.

அடுத்த படத்தில் மாமா. அம்மாவின் தம்பி, மாலை போட்டுக்கொண்டு, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு. பின்னால் வரிசையாகத் தட்டுகள். சௌமியா எல்லோரையும் எண்ணச் சொன்னாள். ஒன்று, இரண்டு என்று வகுப்பே சத்தமாக எண்ணியது. அதன்பிறகு அவள் சொன்னாள்: "அந்தக் காலத்துல இருந்தே பொண்ணக் கட்டிக்கத் தாய்மாமனுக்குத்தான் மொத உரிமை. எங்க பக்கம் இன்னைக்கும் அப்படித்தான். சொந்தம் விட்டுப் போகக் கூடாதில்ல, அதுக்காகப் பெரியவங்க வச்சது. இதுதான் நம்ம பண்பாட்டோட அழகு. நன்றி, வணக்கம்."

மிஸ் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு, "யாருக்காச்சும் கேள்வி இருக்கா?" என்றார். வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்கள். ராணி எழுந்தாள்.

"அந்தப் பொண்ணு இப்ப என்ன படிக்குதுங்க?"

சௌமியா முழித்தாள். "தெரியல... பழைய போட்டோ. கல்யாணம் ஆயி நல்லா இருப்பா."

"அந்த மாமாவையேவா?" என்று யாரோ கேட்க, "பின்ன, அவ்வளவு தட்டு தூக்கிட்டு வந்தவர சும்மா வுட்டுருவாங்களா?" என்றான் முரளி. மறுபடியும் சிரிப்பு. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன், அக்கா. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் கை என்னைக் கேட்காமலேயே தட்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளியில் உன்னை யாருக்கும் தெரியாது. ஜூனில் சேர்ந்தபோது கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நான் ஒரே பொண்ணு என்று சொல்லிவிட்டேன். ஒரு அக்கா என்று சொன்னால் எங்கே இருக்கிறாள், எப்படி இறந்தாள், எத்தனை வயது என்று கேட்பார்கள். பதினேழு என்று சொன்னால் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். உன்னை நானே இல்லாமல் செய்துவிட்டேன். மன்னிப்பாயா?

நல்லா இருப்பாளாம்! யாரிடம் கேட்டுக்கொண்டு அவள் அதைச் சொன்னாள்? உன்னிடம் கேட்டாளா? தட்டுகளை எண்ணியவர்களில் ஒருவராவது உன் வயதை எண்ணினார்களா? அந்தப் பந்தலில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சாப்பிட்டார்கள், மொய் எழுதினார்கள், மைக்கில் மாமா பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்போதே உன்னைப் பேசி முடித்துவிட்டார்கள் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. எனக்குப் புது வளையல் கிடைத்த சந்தோஷம்தான்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து, பதினொன்றில் சேருவதற்காக நீயே பள்ளிக்குப் போய் டி.சி. வாங்கி வந்தாய். அந்த டி.சி. இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. எந்தப் பள்ளியிலும் கொடுக்கவில்லை. பதினைந்து நாளில் மாமாவோடு கல்யாணம். மண்டபத்தில் வைத்தால் யாராவது புகார் கொடுத்துவிடுவார்கள் என்று விடிவதற்கு முன்பே குலதெய்வக் கோவிலில் வைத்து முடித்தார்கள். அழகான பண்பாடு என்றால் அதை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்? சௌமியாவிடம் அந்தப் படம் இல்லை. அன்றைக்குப் போட்டோக்காரரையே கூப்பிடவில்லை.

"படிப்புதான, அங்க இருந்துகிட்டே படிக்கலாம்" என்று உன்னிடம் அம்மா சொன்னாள். நீ அதை நம்பி, பையில் பழைய கணக்குப் புத்தகத்தைக்கூட வைத்துக்கொண்டு போனாய். அடுத்த வருடம் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. சின்ன உடம்பு, தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னதாக அப்பா சொன்னார். நம் வூட்டில் அதை விதி என்றார்கள். விதி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இப்போது நான் ஏன் பயந்துபோய் எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

இன்று மாலை மாமா கம்பைநல்லூரிலிருந்து வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம், யாழினிக்குக் கவுன், எனக்கு ஒரு புது செல்போன். நான் அதைத் தொடவில்லை. யாழினியை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, என்னைக் காட்டி, "அம்மாகிட்ட போ" என்றார். குழந்தை ஓடி வந்து "ம்மா" என்று என் காலைக் கட்டிக்கொண்டது. யார் பழக்கினார்கள்? நான் அவளுக்குச் சித்தி என்றுதானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்? அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தை பிறந்ததும் கல்யாணம். வருகிற வியாழக்கிழமை நல்ல நாள் என்று பூ வைத்து நிச்சயம் செய்யப் போகிறார்கள். அரையாண்டுப் பரீட்சையோடு பள்ளி போதுமாம்.

"எனக்குப் பதினாறும்மா" என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு, தெரியாத வூடா? மாமா குடிக்கறாரா, அடிக்கறாரா? படிப்புதான, அங்க இருந்துகிட்டே படிக்கலாம்."

அதே வார்த்தை, அக்கா. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"நான் மாட்டேன்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "கொழந்தைக்கு வெளியில இருந்து ஒருத்தி வந்தா பாப்பாளாடி? அவ உசுரோட இருந்தா நான் எதுக்கு உன்னக் கேக்கப்போறேன்?"

கேட்டாயா? நீ செத்துப்போனது உன் தப்பாம். அதற்கு நான் ஈடு கட்ட வேண்டுமாம். உனக்கு வாங்கிய பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாம் அங்கே அப்படியே இருக்கிறதாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லையாம். இதையும் ஒரு வசதியாகச் சொன்னாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். உன் சாவுக்கு அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன், பொய்யான அழுகை இல்லை. ஆனால் அழுதவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லலாம் அல்லவா? அவருக்கு முப்பது வயது. வாய் இருக்கிறது.

பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிற அப்பாவுக்குப் போன் போட்டேன். "அம்மா சொல்றதக் கேளு கண்ணு, புதன்கெழம வந்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பூ வைப்பதற்கு வருகிறார்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அதை இப்போது சொல்கிறேன். நேற்று பெல் அடித்து எல்லோரும் பையைத் தூக்கியபோது மிஸ் சௌமியாவை நிறுத்தினார். "அஞ்சுக்கு நாலு போட்டிருக்கேன். ராணி கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபுடிச்சிட்டு வா. மிச்சம் ஒரு மார்க்கு அதுக்கு" என்றார். சிரிக்காமல் சொன்னார். சௌமியா பஸ்ஸில் என்னிடம் புலம்பிக்கொண்டே வந்தாள். "அந்தப் பொண்ணு எந்த ஊரோ, பேரு என்னவோ, நான் எங்க போயி தேடறது, சொல்லு?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் அவளை இடித்துக்கொண்டு ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தது.

அந்த மிஸ்ஸை நம்பலாமா, அக்கா? எனக்குத் தெரியவில்லை. ஒரு மார்க்கைப் பிடித்து வைத்துக்கொண்டவர் ஏதோ யோசித்துத்தான் வைத்திருப்பார் என்று தோன்றுகிறது. வேறு யாரும் எனக்கு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என் முறை. தலைப்பு கோலம் என்று கொடுத்திருந்தேன். போர்டில் வரைந்துவிட்டால் அதிகம் பேச வேண்டியிருக்காது என்று. ஆனால் வெள்ளிக்கு முன்னால் வியாழன் வந்துவிடும். அதனால் காத்திருக்கப் போவதில்லை. திங்கட்கிழமை ஏழே முக்கால் பஸ்ஸில் போகிறேன். மிஸ் எட்டரைக்கே ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடுவார். யாரும் வருவதற்கு முன்பு உன் பெயர் ரேவதி என்று சொல்வேன், உன் வயதைச் சொல்வேன், பிறகு என் வயதையும் வியாழக்கிழமையையும் சொல்வேன். குரல் வரவில்லை என்றால் இந்த நோட்டைத் திருப்பி அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதிகாரிகள் வூட்டுக்கு வருவார்கள். ஊரே வாசலில் நிற்கும். பதினெட்டு ஆகும்வரை எனக்குக் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்குவார்கள். பெத்தவளைக் காட்டிக்கொடுத்தவள் என்று என்னைச் சொல்வார்கள். யாழினியை மாமா தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். அவளை நினைத்து ஒரு நிமிடம், சரி என்று சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. பிறகு அவளுக்கும் ஒருநாள் பதின்மூன்று வயது வரும் என்று நினைத்தேன்.

அம்மா என்னோடு பேசவே மாட்டாள் என்று தெரியும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பேசாமல் இருப்பாள். இருக்கட்டும். உன்னை நினைத்து அழுகிறாள், உன்னோடு பேச முடியவில்லை. என்னிடம் பேச முடியும், பேசாமல் இருப்பாள். அந்தக் கோபத்தோடாவது உயிரோடு இருக்கிற ஒரு மகள் அவளுக்கு இருக்கட்டும். திங்கட்கிழமை நான் போவேன், அக்கா. உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
உனக்கு அடுத்தவள்.