ஏசத்தான் கூப்பிட்டாய்

அன்பு மகளுக்கு,

நீ எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாய் என்று பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன். மெதுவாகப் படி.

உன் கைடு மேடத்துக்கு என் நன்றியைச் சொல். நீ நாடகத்தில் எம்.ஏ. சேர்ந்த நாளிலிருந்து நமக்குள் பேச்சே இல்லாமல் இருந்தது. "ஹிந்தியில் நீ கோபப்பட்டால் பொய்யாக இருக்கிறது. வீட்டில் எந்தப் பாஷையில் சண்டை போடுவாயோ, அதில் பேசு" என்று அவர்தான் உன்னை விரட்டினாராம். மறுநாளே எனக்குப் போன் செய்தாய்.

"எம்மா, பைப்புல தண்ணி பிடிக்கையில ஏசுவல்லா, அத ஒருக்கா ஏசு. ரெக்கார்ட் பண்ணணும்."

"யாரட்டி ஏசணும்?"

"என்னையே ஏசு."

ஏசினேன். அடுப்பில் குழம்பு தீய்கிற வரைக்கும் ஏசினேன். சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் வந்தது. நீ முதலில் சிரித்தாய். பிறகு இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினோம். உனக்கு ஜலதோஷம் என்றாய். எனக்கும் அதேதான்.

நேற்று உன் பரீட்சை நாடகத்தில் இடுப்பில் குடத்தோடு நீ ஏசியபோது, தமிழ் தெரியாத மேடமே எழுந்து கை தட்டினார். தாராவியிலிருந்து வந்த நம் ஆட்கள் சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்றும் இருந்தது.

வெளியே வந்து உன்னிடம், "சேல ஏறிக் கெடக்கு, இழுத்து விடு" என்று மட்டும் சொன்னேன். ஏசுவதற்கு என்னிடம் அவ்வளவு வார்த்தை இருக்கிறது. மற்றதற்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நல்லா நடிச்சட்டி.

இப்படிக்கு,
உன் அம்மா