அவருடைய கம்பியில்லாத் தந்தி

ஸ்ரீரங்கம், 1959, ஆடி வெள்ளி, இரவு

என் கணவருடைய கம்பியில்லாத் தந்திக் கருவியை இன்று கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் தந்தி ஆபரேட்டராக வேலை பார்த்த கப்பலை உடைத்தபோது கேட்டு வாங்கி வந்தது. அவர் காலமான பிறகு பரணில்தான் கிடந்தது.

திருச்சியிலிருந்து அந்தக் கல்லூரியின் பௌதிக ஆசிரியர் சேவியர் வந்திருந்தார். கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க அதைக் கார் பேட்டரியில் இணைத்து, செய்தி அனுப்பும் கட்டையைத் தட்டினார். நீலப் பொறி சடசடவென்று பறந்தது. உடனே பக்கத்து வீட்டு வைதேகி சுவருக்கு அப்பாலிருந்து கத்தினாள்.

"மாமி, எங்காத்து ரேடியோ கரகரங்கறதே! அங்க என்ன பண்றேள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்கடலிலிருந்து கொழும்பு வரை போன பொறி, இன்றைக்கு அடுத்த வீட்டுக்காவது எட்டியது.

"நானும் ஒரு தடவை தட்டட்டுமா?" என்று கேட்டேன். லீவில் வரும்போதெல்லாம் என் கணவர் அந்தத் தந்திப் பாஷையை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். விரல் மறக்கவில்லை. 'எப்போ வரேள்' என்று தட்டினேன்.

சேவியருக்கும் அந்தப் பாஷை தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு பேட்டரியைக் கழற்றினார். "அம்மா, இதைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்ட மாட்டேங்க. பசங்க தட்டிப் பார்க்கட்டும்" என்றார்.

என் கணவர் கடலில் இருந்த நாளெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஆசை. அப்போது கருவி அவரிடம் இருந்தது. இன்று என் கையில் இருந்தது, அவர்தான் இல்லை.