கடலிலேயே கிடந்த புயல்

திண்டுக்கல்,
நவம்பர் 6

செல்போன் இல்லாத ஹாஸ்டலில் சிறைப்பட்டிருக்கும் ஐரின் அக்காவுக்கு,

தம்பி பாஸ்கல் எழுதுறது. சாம்பார்ல பருப்பு தட்டுப்படுதா?

சில புயல் ஒரு மாசத்துக்கு மேலகூடக் கடல்லயே சுத்தும்னு போன கடிதத்துல எழுதியிருந்தியே, அதை வச்சு ஒரு வேலை பண்ணிட்டேன். ஆப்புல குரலை மாத்தி, “புயல் புண்ணியமூர்த்தி பேசுறேன். வங்கக்கடல் புயல் ஒரு மாசம் நகராது. ஒரு மாசமும் அடைமழைதான்”னு பேசி, எவனோ அனுப்புன மாதிரி நம்ம சொந்தக்கார குரூப்ல தட்டிவிட்டேன். காத்தழுத்தத்தையே பாஸ்கல்னு என் பேர்லதான் அளக்குறாங்க, எனக்கு இல்லாத உரிமையா?

ஆனந்தமேரி அத்தை ஒரு மாசத்துக்குத் துணி துவைக்கிறதில்லைன்னு முடிவே பண்ணிருச்சு. உங்க அப்பாதான் ஒண்ணும் சொல்லல. சூசைமுத்து பெரியப்பாவுக்குச் சிரிப்பே வராதாக்கா?

இப்படிக்கு,
புயல் கிளப்பி பாஸ்கல்

திருச்சி,
நவம்பர் 12

பாஸ்கலுக்கு,

அப்பா ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் பேசினார். ஒரு மாச மழையில் அழுகிடும்னு அகரத்து வயல்ல இருந்த சின்ன வெங்காயம் முழுசையும் பிடுங்கிட்டாராம். இன்னும் காய் திரளவே இல்லடா. அந்தப் புயல் நாலு நாள்ல கடலிலேயே அடங்கிடுச்சு. அங்கே வெயில் அடிக்குது. அப்பா இன்னும் வானத்தைப் பார்த்துட்டு இருக்கார்.

நான் எழுதினதில் பாதியைத்தான் நீ எடுத்துக்கிட்ட. மாசக்கணக்கில் சுத்தினது பெரிய சமுத்திரத்தில், வெதுவெதுப்பான தண்ணி மேலேயே போனது. அதுவும் அபூர்வம். நம்ம வங்கக்கடல் சின்னது. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள கரையேறிடும், இல்லைன்னா கரைஞ்சிடும்.

“அந்தப் புண்ணியவான் சொல்லலைன்னா இதுவும் கிடைச்சிருக்காது தாயி”ங்கிறார் அப்பா. நீயே போய்ச் சொல்லு. சொல்லாம எனக்கு எழுதாதே.

ஐரின்

திண்டுக்கல்,
நவம்பர் 17

அன்புள்ள அக்கா,

எழுதாதேன்னு சொல்லியும் எழுதுறேன், திட்டிக்கோ. நேத்து பூசை முடிஞ்சதும் அகரம் பஸ் ஏறிட்டேன். வாசல்ல கோலிக்குண்டு கோலிக்குண்டா வெங்காயம் பரப்பிக் கிடந்துச்சு.

“வாலே அப்பு! அந்தப் புண்ணியமூர்த்தி நம்பரை எப்பிடியாச்சும் வாங்கிக் குடுலே. அடுத்த நடவு எப்ப வைக்கலாம்னு கேக்கணும்”னாரு பெரியப்பா.

வாயைத் திறந்தேன். “செத்த நேரம் உக்காருய்யா, வெஞ்சனம் ஆகிருச்சு”ன்னு பெரியம்மா தட்டை வச்சுருச்சு. தின்னுட்டு வந்துட்டேன்க்கா. ஒரு பை வெங்காயமும் குடுத்துவிட்டாங்க. அம்மா அடுப்படியில உரிக்குது, நான் அடுத்த ரூம்ல அழுவுறேன்.

பாஸ்கல்

திண்டுக்கல்,
டிசம்பர் 3

அக்கா,

நீ பதில் போடல. போடாதது சரிதான்.

சொல்லிட்டேன். அடிப்பாருன்னு நினைச்சேன். “அதை ஒருக்கா போடு”ன்னாரு. முழுசாக் கேட்டாரு. “நல்லாத்தான் பேசியிருக்க”ன்னுட்டு மம்பட்டியை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போயிட்டாரு.

நேத்து டிவியில நெசமாவே கனமழைன்னு சொன்னாங்க. களத்துல மக்காச்சோளம் காயுது, மூடுங்கன்னு பெரியம்மா சொல்லியிருக்கு. “இதையும் எவனாச்சும் ஒரு பய பேசியிருப்பான்”னு பெரியப்பா அசையலையாம். பெரியம்மா போன்ல சொல்லக் கேட்டதும் அகரத்துக்கு ஓடினேன்.

தார்ப்பாயை உதறி ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு, “பெரியப்பா, அந்தப் பக்கம் பிடிங்க”ன்னேன்.

அவரு கட்டிலை விட்டு எந்திரிக்கல.

என் முனையில ஒரு கல்லைத் தூக்கி வச்சுட்டு, அந்தப் பக்கம் போய் நானே இழுத்தேன்.

பாஸ்கல்