புள்ளி சரியான இடத்தில்தான்

மார்ச் 4, செவ்வாய், காலை 9.40. அப்பாவின் பி.எஸ்.ஏ. 48.2. இருக்க வேண்டியது நான்குக்குள்.

புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை. புள்ளிதான் இடம் மாறியிருக்கும், 4.82 ஆக இருக்கும். தராசுகளைச் சரிபார்த்து முத்திரை குத்துவது என் வேலை. ஒரு புள்ளி என்ன கூத்தெல்லாம் அடிக்கும் என்று தெரியும். ஆய்வகத்துக்கே போய்ச் சத்தம் போட்டேன்.

"மெஷினை எப்பக் கடைசியா சரிபார்த்தீங்க?"

"இன்னைக்குக் காலைல சார். வேணும்னா இன்னொரு தடவை ஓட்டறேன், உக்காருங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

47.9.

மார்ச் 7

டாக்டர் தொட்டுப் பார்த்தார். சுரப்பி கெட்டியாக இருக்கிறதாம். பயாப்சி, அதாவது சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். "புற்றுநோய்தானா, எத்தனை சதவீதம்?" என்றேன். "ரிசல்ட் வரட்டும் தம்பி. பழைய மெடிக்கல் சீட்டு இருந்தா தேடி எடுங்க."

அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் கேட்டது: "அன்னைக்கு ஷிப்ட் மாத்திக்கணுமாடா?"

மார்ச் 12

பன்னிரண்டு துண்டு எடுத்தார்கள்.

"ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம்டா. நான் பாட்டுக்கு ஸ்டாப்பிங் எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன்."

"டிக்கெட்டும் கிழிச்சீங்களா?" என்றாள் அம்மா.

"நான் டிரைவர்டி. கண்டக்டர் இல்ல."

மார்ச் 15

பழைய சீட்டு கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் பணிமனையில் நடந்த மருத்துவ முகாம். பி.எஸ்.ஏ. 11.6. ஓரத்தில் பேனாவால்: 'மெஷின் கோளாறு. விடலாம்.'

என் கையெழுத்து.

அப்பாவிடம் நீட்டினேன். "நீதானடா பார்த்துச் சொன்னே. மெஷினைப் பத்தி உனக்குத் தெரியாததா?" குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருக்கிறார்.

ஐயோ, மெஷினை நான் எங்கே பார்த்தேன்? போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டே கிறுக்கிக் கொடுத்தேன். முகாம்னா மட்டமான மெஷின்னு— எவன் சொன்னான் எனக்கு?

மார்ச் 18

பன்னிரண்டில் ஒன்பதில் இருக்கிறது. புற்றுநோய். எலும்புக்குப் போயிருக்கிறதா என்பது வெள்ளிக்கிழமை ஸ்கேனில் தெரியும்.

அந்த 11.6-லேயே வந்திருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். "இப்ப சொல்ல முடியாது" என்றார்.

ரிசல்ட்டை அப்பா ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு என்னிடம்தான் நீட்டினார்.

"இந்த மெஷின் சரியாடா?"

"சரிப்பா."

இனி:

1. வெள்ளி காலை ஏழரைக்கு ஸ்கேன். லீவு சொல்ல வேண்டும்.
2. பழைய சீட்டைக் கோப்பில் முதல் தாளாக வைக்க வேண்டும். ஓரத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது.
3. அதை எழுதியது யார் என்று அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். அப்பா சொல்ல மாட்டார்.
4. ஸ்கேன் அறையில் மெஷினைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.