அரசாங்கத்தை மூன்று முறை கூப்பிட்டார்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் நான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ் கிளம்ப மறுத்துவிட்டது. மெக்கானிக் வந்து தட்டிக்கொட்டி எழுப்புவதற்குள் மேட்டுத்தெருப் பிள்ளைகள் பனியில் நின்று விறைத்துப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் திட்டு எனக்குத்தான்.

பஸ்ஸை நிறுத்திவிட்டு வரும்போது வக்கீல் நோரா ஹேகர் போன் செய்தாள். நாங்கள் கேஸ் போட்டிருக்கிற அந்த வெளிநாட்டு அரசாங்கத்துக்கு அனுப்பிய சம்மன் திரும்பி வந்துவிட்டதாம். அவர்கள் மொழியிலேயே மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பியது. வாங்க முடியாது, எங்கள் இறையாண்மைக்கு இழுக்கு என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்களாம்.

என் மகள் டெஸ்ஸா செத்ததில் யாருக்கும் இழுக்கு இல்லை. காகிதத்தை வாங்கினால் இழுக்கு!

இனி நம் வெளியுறவுத் துறை வழியாகப் போகுமாம். அதற்கு நாளாகும் என்கிறாள். ஆகட்டும்.

மார்ச் 8, சனி

மளிகைக் கடையில் வெண்டல். டெஸ்ஸாவின் அப்பன். எனக்கு முன்னாள் புருஷன். பத்துப் பேர் நிற்கிற வரிசையில் என்னைப் பார்த்து, "என்ன மேக்ஸின், ஒரு நாட்டு மேலயே கேஸாமே? அப்படியே மழை மேலயும் ஒண்ணு போட்டுடு. போன வெள்ளத்துல என் கொட்டகை போச்சு" என்றான்.

"போடுறேன்யா. முதல் சாட்சி நீதான். வரும்போது குளிச்சிட்டு வா" என்றேன். கல்லாப்பெட்டிக்காரி சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஏன் ஒரு நாட்டின் மேல்? டெஸ்ஸாவின் உயிரைக் குடித்த மாத்திரையை விற்றவன் ஜெயிலில் இருக்கிறான். பத்தொன்பது வயசு. அவனைப் பார்த்தால் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. மாத்திரைக்குள் இருந்த ஃபென்டனில் என்கிற போதை மருந்தைச் செய்கிற சரக்கு கடல் தாண்டி வந்தது. தன் நாட்டுக்குள் அதை விற்றால் அந்த அரசாங்கமே கடுமையாகத் தண்டிக்கும், வெளிநாட்டுக்கு அனுப்பினால் வரிச்சலுகை கொடுக்கும். தெரிந்தே கொடுத்தது. எங்கள் புகார் இவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அங்கிருந்து ஒரு ஆள் வந்து எதிர் மேஜையில் உட்கார்ந்து, நான் என் பெண்ணைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டும். மறுக்கட்டும். ஆனால் கேட்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

போலீஸ் கொடுத்த பையை இன்று எடுத்துப் பார்த்தேன். எதற்கு எடுத்தேன்? அவள் போன், உதட்டுக்குப் பூசுகிற களிம்பு, சாவிக்கொத்து. ஒன்று கார் சாவி. ஒன்று என் வீட்டுச் சாவி. இன்னொன்று வெண்டல் வீட்டுடையது. அது இப்போது எந்தக் கதவுக்கும் சேராது. மாத்திரைக் காசுக்காக அவனுடைய மரம் அறுக்கிற மெஷினை அவள் தூக்கிக்கொண்டுபோய் விற்றதும் அவன் பூட்டை மாற்றிவிட்டான். அப்போது டெஸ்ஸா அவன் வீட்டில்தான் இருந்தாள். அதன்பிறகு என்னிடமும் வரவில்லை, வீம்பு. அந்த மாதக் கடைசியில் சலவைக் கடைக்குப் பின்னால், காருக்குள் கிடந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூலை 30, புதன்

தூதரகம் வழியாகப் போன சம்மனுக்கும் பதில் இல்லை. கெடு முடிந்தது. நோரா சொல்கிறாள், "அவங்க வரலேன்னா நாம தானா ஜெயிச்சிட்டோம்னு நினைச்சுக்காதீங்க. சாதாரண ஆள்னா அப்படி. எதிராளி ஒரு நாடுன்னா, காலி மேஜைக்கு எதிராவும் ஒவ்வொண்ணா நிரூபிச்சாகணும்."

ஒருவேளை கடைசி நிமிடத்தில் வந்தும் தொலைக்கலாமாம். அதனால் குறுக்கு விசாரணைக்குப் பழகிக்கொள்ள வேண்டும். வீட்டில் யாரையாவது எதிர்த்தரப்பு வக்கீலாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள் என்றாள். "நல்ல வாய் நீளமான ஆளாப் பாருங்க."

வாய் நீளம் என்றால் இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒருத்தன்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெண்டல் வந்தான். கழுத்தில் டை! என் பீன்ஸையும் சோள ரொட்டியையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "இப்ப நான்தான் அந்த அரசாங்கம். எங்களுக்கு மரியாதை முக்கியம், காபி கொண்டா" என்றான். சிரித்து மாளவில்லை.

பிறகு ஆரம்பித்தான். என்னை ஜென்மத்தில் முதல் தடவையாக 'நீங்க' என்றான்.

"அம்மா, மாத்திரையை நாங்களா உங்க பொண்ணு வாயில போட்டோம்?"

"இல்லை."

"உங்க ஊர்க்காரன்தானே வித்தான்? உங்க ஊர் டாக்டர்தானே முதல்ல அவளுக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்துப் பழக்கினாரு?"

"ஆமா. அவங்களுக்கும் பங்கு இருக்கு. அதனால உங்க பங்கு இல்லேன்னு ஆயிடாது."

"பரவாயில்லையே" என்றான். டையைத் தளர்த்திக்கொண்டான். அடுத்த கேள்விக்கு வந்தான். குரல் மாறிவிட்டது.

"அன்னைக்கு ராத்திரி உங்க பொண்ணுக்குப் போறதுக்கு ஒரு வீடு இல்லையா அம்மா? அவளோட அப்பா எங்கே இருந்தாரு?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழகத்தானே உட்கார்ந்தோம், சட்டென்று வந்துவிட்டது: "வீட்டுலதான் இருந்தாரு. பூட்டை மாத்தியிருந்தாரு."

வெண்டல் தட்டைக் கழுவி வைத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐயோ, என்ன வாய் இது எனக்கு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று விசாரணை. பஸ்ஸுக்கு மாற்று ஆள் போட்டுவிட்டு நகரத்துக்குப் போனேன். கோர்ட் வராந்தாவில், பெஞ்சின் ஓரத்தில் வெண்டல்! தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உள்ள வா" என்றேன். "நான் இந்தக் கேஸ்ல இல்லையே. இங்கயே இருக்கேன், நீ போ" என்றான்.

எதிர் மேஜை காலி. தண்ணீர் ஜாடிகூட வைத்திருந்தார்கள், குடிக்கத்தான் ஆள் இல்லை. வராத எதிராளியை வராந்தாவில் நின்று மூன்று முறை கூப்பிடுவது பழைய வழக்கமாம். இந்த நீதிபதி அதை விடுவதில்லை என்றாள் நோரா. சேவகர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அந்த நாட்டின் நீளமான முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டதும் வராந்தா பெஞ்ச் கிறீச்சிட்டது. வந்துவிட்டார்களா?

வெண்டல் எழுந்து வந்தான். என் பின்வரிசையில் உட்கார்ந்தான்.

சேவகர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரும் வரலை, கனம் நீதிபதி அவர்களே" என்றார்.

நான் சாட்சி சொன்னேன். டெஸ்ஸா பதினைந்து வயசிலேயே என் பஸ்ஸைப் பின்னால் எடுப்பாள் என்று சொன்னேன். பல் வலிக்காக டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்ததைச் சொன்னேன். முடித்துக்கொள்ளலாம் என்று நோரா கண் காட்டினாள். எனக்கு முடியவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன்.

"அவளுக்கு ரெண்டு வீடு இருந்துச்சு ஐயா. ஆனா கார்லதான் செத்தா. அவ அப்பா நல்ல மனுஷன். அப்படிப்பட்ட ஆளையே பெத்த பொண்ணுக்குக் கதவைப் பூட்ட வெச்ச சரக்கு இது. உயிரை மட்டும் எழுதிக்காதீங்க. அந்தப் பூட்டையும் அவங்க கணக்குல எழுதிக்குங்க."

நீதிபதி எழுதிக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்ததும் கேட்டேன், "நீ எதுக்குய்யா எழுந்து வந்தே?"

"மூணு தடவை கூப்பிட்டாங்க மேக்ஸின். யாராவது எழுந்திருக்கணும்ல."

நவம்பர் 21, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. அந்த அரசாங்கம் பொறுப்பு என்று நீதிபதி எழுதியிருக்கிறார். பூட்டைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. அவர்கள் ஒரு காசும் தரமாட்டார்கள், இங்கிருக்கிற அவர்கள் சொத்தையும் லேசில் தொட முடியாது என்றாள் நோரா. இந்தக் கோர்ட்டையே ஏற்கவில்லை என்று அவர்கள் அறிக்கை விட்டாயிற்று.

அழுதேன். சந்தோஷமா என்றால் தெரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

தீர்ப்பின் நகலை வெண்டலுக்குக் கொடுக்கப் போனேன். பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தான். நிமிராமலே, "கதவு பூட்டியிருக்கு, திறந்து உள்ள போய் உட்காரு" என்றான். "சாவி?" என்றேன். "உன்கிட்டதான் இருக்கு."

டெஸ்ஸாவின் சாவிக்கொத்து போலீஸ் பையைத் திறந்த நாளிலிருந்து என் கைப்பையில்தான் கிடக்கிறது. அதிலிருந்த இந்த வீட்டுச் சாவியைப் போட்டேன். திறந்தது. பழைய பூட்டையே மறுபடி மாட்டியிருக்கிறான்.