மின்விசிறிக்குச் சொன்ன ‘ங்க’

கிணத்துக்கடவு வழி
12.10.1997

அன்பு மகன் கௌதமனுக்கு அம்மா மனம் நிறைய ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாசாணியம்மன் காவலில் சுகமாக இருக்கிறோம், பொள்ளாச்சியில் உன் தங்கை சண்முகப்ரியாவும் சுகம், அவளுக்கு ஆறாம் மாசம், போனால் மாங்காய் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறாள், அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்பது அப்புறம்தான். உன் சுகம்தான் தெரியவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு மீதிப் பக்கமெல்லாம் அரசியல் எழுதியிருக்கிறாய். நான் அனுப்பிய சுக்கும் மிளகும் டப்பா திறக்காமலே இருக்கும், உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா. ஸ்காட்லாந்துக் குளிர் நம்ம ஆனைமலைக் குளிர் மாதிரி வெயில் வந்தால் ஓடிப்போகிற குளிர் இல்லை என்று நீயேதான் எழுதினாய், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போ.

உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன், அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பாதி நன்றாக இருந்தது கண்ணு. அந்த ஊர் ஜனங்கள் முந்நூறு வருஷத்துக்குப் பக்கமாக லண்டனுக்கு அடங்கிக் கிடந்துவிட்டு, போன மாசம் ஓட்டுப் போட்டு, எங்களுக்கென்று ஒரு சட்டசபை வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள், நீ குடியிருக்கிற வீட்டுக்காரம்மா சந்தோஷத்தில் அழுதார், தன்னைத் தானே ஆளும் உரிமையை விட்டுக்கொடுக்கவே கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தாய். படிக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அம்மா, ‘ங்க’ என்கிற இரண்டெழுத்துக்காக ஊரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், அப்பாவுக்கும் வேலை போய்விட்டது, பேசாமல் தலைவர் பதவியை ராஜினாமா செய்துவிடு என்று எழுதியிருக்கிறாய். ஒரே பேனாவில் இரண்டையும் எப்படியடா எழுதினாய்? அன்றைக்குக் கோபத்தில் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அப்பா அதையே சாப்பிட்டுவிட்டுப் போனார். ராஜினாமா நான் செய்யவில்லை, செய்யப் போவதும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பா உனக்கு எழுதியது பாதிக் கதைதான், வெள்ளிக்கிழமை நடந்தது அவர் எழுதும்போது நடந்திருக்கவில்லை.

போன வருஷம் நம்ம ஊராட்சி நம் ஜனத்துப் பெண்களுக்கென்று ஒதுக்கீடு ஆனதும், நான் மில்லில் சங்கத்துக்குப் பேசிய வாயை வைத்துக்கொண்டு நின்றதும் ஜெயித்ததும் உனக்குத் தெரியும். துணைத் தலைவராக வந்தது கந்தப்பன், அப்பா இத்தனை வருஷம் தேங்காய் போட்ட தோட்டத்துக்குச் சொந்தக்காரப் பண்ணாடி. நாற்காலி எனக்கு வந்தது, மரியாதை வரவில்லை. மன்றக் கூட்டத்திலேயே, “ஏ புள்ள, அந்த மினிட் புக்க எடு” என்பான். நானும் பழக்க தோஷத்தில், “இந்தாங்க” என்று எடுத்துக் கொடுப்பேன். இப்படியே ஒரு வருஷத்துக்குப் பக்கமாகப் போனது.

இதற்கு நடுவில்தான் அந்த மேற்கு மண் தன்னாட்சிக் கட்சி வந்தது. கந்தப்பன்தான் நம்ம பக்கத்துச் செயலாளர். நூலும் தேங்காயும் மோட்டாரும் இங்கே, வரிப்பணமும் அதிகாரமும் மெட்ராஸில், ஒரு சாக்கடைக்குக்கூட அங்கே போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது, ஆகையால் நம்ம ஜில்லாக்களுக்கென்று ஒரு தன்னாட்சி மன்றம் வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயம்தான். யூனியன் ஆபீஸ் படியேறிப் படியேறி என் செருப்பே தேய்ந்துவிட்டது, எனக்கா தெரியாது. ஆடி மாசம் கிணத்துக்கடவில் பெரிய பொதுக்கூட்டம் போட்டார்கள், ஊராட்சித் தலைவர்களையெல்லாம் மேடையில் உட்கார வைத்தார்கள், எனக்கு மட்டும் நாற்காலி பற்றவில்லையாம், நான் கீழே நம்ம பக்கத்து வீட்டுப் பாப்பாயியோடு நின்று கேட்டேன். கோயமுத்தூரில் இருந்து வந்த பேச்சாளர் ஒருவர், “நம்ம பேச்சே தனிங்க, நம்ம மரியாதையே தனிங்க, ஊட்டு நாயக்கூட போங்கன்னு சொல்ற மண்ணுங்க இது, இந்த மண்ண நாமதானுங்க ஆளோணும்” என்றார். கூட்டமே கை தட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது. நாய்க்கு உண்டு, எனக்கு இல்லை. பாப்பாயி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஊட்டுக்குப் போலாம் வா” என்றாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன், எனக்கு ‘ங்க’ போடுகிறவர்களுக்கு நானும் போடுவேன், போடாதவர்களுக்கு நானும் போடமாட்டேன், அவ்வளவுதான் என் தன்னாட்சி. அடுத்த கூட்டத்தில் கந்தப்பன், “ஏ புள்ள, மினிட் புக்” என்று கை நீட்டினான். “இந்தா கந்தப்பா” என்று கொடுத்தேன். கிளார்க் ஜபருல்லா கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டார் பாவம். உனக்குத் தெரியாததா, நம்ம பக்கத்தில் கெட்ட வார்த்தையால் திட்டினால்கூட நாலு நாளில் மறந்துவிடுவார்கள், ‘ங்க’வை எடுத்துவிட்டால் மறக்கமாட்டார்கள். மறுநாளே அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்று ஆகிவிட்டது. காலனித் தண்ணீர் மோட்டார் அந்த வாரம்தான் புகைந்தது, கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டுவதற்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போட வேண்டும், அவன் போடவில்லை. அப்பாவும் என்னைத்தான் வைதார், “பைத்தியம் புடிச்சுப்போச்சா உனக்கு, அதச் சொல்லிப்போட்டா கொறஞ்சா போயிருவ” என்றார். அவரிடம் மல்லுக்கு நின்றேன், ஆனால் பாப்பாயி தோட்டத்துக் கிணற்றில் இருந்து குடம் சுமந்து வருவதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்கவில்லை, என் வீம்புக்கு இவள் இடுப்பு ஒடிய வேண்டுமா என்று அழுதுவிட்டேன். அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, “நீ அழுதீன்னா இத்தன நாளு நாங்க தூக்குனது வீணாப்போயிரும், பேசாம இரு” என்றாள். உன் கடிதம் வந்தது அந்த வாரம்தான். நீயே சொல், அவளிடம் போய் என் மகன் ராஜினாமா செய்யச் சொல்கிறான் என்று எந்த வாயால் சொல்வது.

இனிமேல்தான் வேடிக்கை. இந்த மாசக் கடைசிக்குள் ஒவ்வொரு ஊராட்சியும் தன்னாட்சி கேட்டுத் தீர்மானம் போட்டுத் தர வேண்டும் என்று கட்சியில் உத்தரவு. செயலாளருடைய சொந்த ஊராட்சியில் தீர்மானம் இல்லை என்றால் அவன் தலை நிமிர முடியாது, தீர்மானத்துக்கு என் கையெழுத்து இல்லாமல் முடியாது. போன திங்கட்கிழமை ஜபருல்லா யூனியன் ஆபீஸுக்குப் போயிருந்தார், நான் ஊராட்சி ஆபீஸில் தனியாக இருந்தேன், புதிதாக வந்திருக்கிற போன் அடித்தது. எடுத்தேன். “ஏனுங்க, வணக்கமுங்க, கோயமுத்தூர்ல இருந்து கந்தப்பன் பேசறனுங்க, கிளார்க் இல்லீங்களா, நீங்க அவரு சம்சாரங்களா அம்மணி” என்று சர்க்கரைப்பாகு மாதிரி வருகிறது குரல். முகம் தெரியாதவர்களுக்கு ‘ங்க’ போடாமல் நம்ம ஊர் நாக்கு எப்படிப் புரளும்? அவன் போட்டதனால் நானும் போட்டேன். “தலைவர் பழனியாத்தாள் பேசறனுங்க, என்ன வேணுமுங்க” என்றேன். அந்தப் பக்கம் டொக்கென்று போனை வைத்துவிட்டான். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன் கண்ணு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எனக்கான ‘ங்க’ அவன் நாக்கிலேயே இருக்கிறது, என் முகத்தைப் பார்த்தால்தான் உள்ளே இழுத்துக்கொள்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம். வாசலில் கட்சி ஜீப், தீர்மானத்தைக் கையோடு வாங்கிப் போக இரண்டு பேர் அதில் காத்திருக்கிறார்கள். கந்தப்பன் உள்ளே வந்து என்னைப் பார்க்காமல் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, “தீர்மானம் வந்திருக்குது, கையெழுத்து ஆகோணும்” என்றான். கரண்ட் இல்லை, மின்விசிறியும் நின்றுகொண்டு அவன் சொல்வதைக் கேட்டது. நானும் சுவரைப் பார்த்து, “யாருகிட்டக் கேக்கறாப்பல?” என்றேன். “தலைவரு போட்டா தேவலைங்க” என்று மறுபடியும் மேலே பார்த்தே சொன்னான். “அந்த ‘ங்க’ ஃபேனுக்கா, எனக்கா?” என்று கேட்டேன். உறுப்பினர்கள் எல்லாரும் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டான். இதோடு போயிற்று, மோட்டாரும் போயிற்று என்றே நினைத்தேன். ஜீப்பில் இருந்து ஆரன் அடித்தார்கள். நின்றான், திரும்பி வந்தான், என் முகத்தைப் பார்த்து, “உங்களுக்குத்தானுங்க. போட்டுக் குடுங்க” என்றான். “உக்காருங்க, பேசிக்கலாமுங்க” என்றேன் உடனே. எனக்கு வந்தால் நான் திருப்பித் தராமல் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. இது வரைக்கும் சொன்னான், வந்தான் என்று எழுதினேன், இனிமேல் சொன்னார், வந்தார் என்றே எழுதுகிறேன், அவர் மாறுகிற வரைக்கும்.

சும்மா போட்டுவிடவில்லை. நானும் ஒரு வரி சேர்க்கிறேன் என்று தீர்மானத்தின் அடியில் எழுதினேன், மெட்ராஸில் இருந்து புறப்படுகிற அதிகாரம் கோயமுத்தூரில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது, ஊருக்கு வர வேண்டும், ஊருக்குள் வந்து நின்றுவிடக் கூடாது, காலனி வரைக்கும் வர வேண்டும் என்று. கந்தப்பன் படித்துப் பார்த்தார். தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், மோட்டார் செக்கை அவர் பக்கம் தள்ளினேன், அவர் போட்டார். யாரும் கை தட்டவில்லை. மெக்கானிக் ராத்திரியோடு ராத்திரியாகக் காயில் கட்டினார், நேற்று மதியம் காலனிக் குழாயில் தண்ணீர் வந்தது, முதல் குடம் பாப்பாயிதான் பிடித்தாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அவர் வெளியில் என்னைப் பார்த்தால் இன்னும் வேப்பமரத்தோடுதான் பேசுகிறார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறது, கொண்டுவரட்டும், அதிலும் தலைவர் அவர்கள் என்றுதானே எழுத வேண்டும். அப்பா இப்போது தேங்காய் மண்டியில் லோடு ஏற்றப் போகிறார், தோட்டத்துக்குத் திரும்பக் கூப்பிட்டாலும் போகமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். என்னை வைத அதே மனுஷன் நேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “தலைவருங்களே, சோறு ஆச்சுங்களா” என்கிறார். ஆச்சுங்க என்றேன், வேறு என்ன சொல்வது.

தீபாவளி வருகிறது, அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிக்க முடியாவிட்டாலும் தலையில் ஒரு சொட்டாவது வை. நன்றாகப் படித்துப் பேரோடு வா, என் ஆயுசையும் சேர்த்து நீ நூறாண்டு இரு. உன் வீட்டுக்காரம்மாவிடம் இங்கேயும் ஒருத்தி ஓட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல். கடைசியாக ஒன்று. இத்தனை நாளாக நீ கவரில் காளிச்சாமி அவர்கள் என்று அப்பா பேரைத்தான் எழுதுகிறாய். தபால்காரர் சுந்தரராஜுலு டீக்கடை முன்னால் நின்றுகொண்டு விலாசத்தை ஊருக்கே கேட்கிற மாதிரிப் படிப்பார் என்பது உனக்குத் தெரியும், கந்தப்பன் டீ குடிப்பதும் அங்கேதான். இனிமேல் கவரில் கீழே இருக்கிற மாதிரியே எழுது, ஒரு எழுத்தையும் விடாதே.

இப்படிக்கு உன் அம்மா,
திருமதி பழனியாத்தாள் அவர்கள்,
ஊராட்சி மன்றத் தலைவர்.